பழைய கிரேடரில் பார்க்க வேண்டியது இணைப்புகளின் ஆட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

திண்டுக்கல் பக்கம் சாலை வேலைகளில் சப்-கான்ட்ராக்ட் எடுக்கும் ஒருவர் எனக்கு நெருங்கிய பழக்கம். வயதில் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஜேசிபி, டிப்பர், வைப்ரோ ரோலர் எல்லாம் அவரிடம் சொந்தமாகவே உண்டு. நடுவில் நீண்ட பிளேடு வைத்து மண்ணைப் பரப்பி மட்டம் பிடிக்கும் கிரேடர் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுப்பார். அவருடைய வேலைகள் இழுத்துக்கொண்டு போனதெல்லாம் அந்த ஒரு வண்டியால்தான். கிராவல் கொட்டிக் கிடக்கும், தண்ணி லாரி காத்திருக்கும், ரோலர் டிரைவர் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். கிரேடர் வேறு ஊரில் மாட்டிக்கொண்டிருக்கும். அது வந்து சேர்வதற்குள் அடித்த தண்ணீர் காய்ந்துவிடும். மறுபடி தண்ணீர், மறுபடி கலக்கல். ஒரு நாள் கேட்டார்: "ஏம்ப்பா, பழசா ஒண்ணு பார்த்து வாங்கிடலாமா?"

நான் ஹைட்ராலிக் பட்டறை வைத்திருப்பவன். கிரேடர் சிலிண்டர்களும் பம்புகளும் அடிக்கடி என் மேஜைக்கு வரும். அதனால் வாங்கும் பேச்சு தொடங்கியதிலிருந்து இன்றுவரை இந்த வண்டியோடு எனக்கும் தொடர்பு இருக்கிறது. பழைய கிரேடர் வாங்க நினைக்கும் சிலர் என்னிடம் விவரம் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொல்வதைவிட முழுசாக எழுதிவிடுவது நல்லது.

வாங்கலாமா வேண்டாமா என்பதில் அண்ணனிடம் நான் கேட்டது ஒன்றுதான். வருடத்தில் எத்தனை மாதம் உங்கள் சொந்த வேலைக்கே கிரேடர் தேவைப்படும்? ஜேசிபிக்கு வீட்டுக் கடைக்கால் தோண்டுவது முதல் வாய்க்கால் வாருவது வரை தினமும் ஏதாவது வேலை வரும். கிரேடருக்கு அப்படி வராது. மண்ணைப் பரப்பி மட்டம் பிடிக்கும் கட்டத்தில் மட்டும்தான் அதைத் தேடுவார்கள். ஊராட்சிச் சாலைகளில் 3.75 மீட்டர் அகலத்துக்குள் 12 அடி பிளேடு திரும்பிப் புழங்க இடமே இருக்காது. அங்கெல்லாம் ஜேசிபி பக்கெட்டையும் ஆளையும் வைத்தே முடித்துவிடுகிறார்கள். மாநில நெடுஞ்சாலை அகலப்படுத்தல், மாவட்டச் சாலைகள், புறவழிச்சாலை, பெரிய லேஅவுட், தொழிற்பேட்டை, சோலார் பண்ணை ஆகியவைதான் கிரேடருக்கான இடங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மண் வேலை பெரும்பாலும் படுத்துவிடும். அண்ணனுக்குப் பாதி வருடத்துக்காவது சொந்த வேலை கையில் இருந்தது. அது இல்லையென்றால், வாங்கவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். வெளி வாடகையை மட்டும் நம்பிப் பழைய கிரேடர் வாங்குவது சரிப்படாது.

அடுத்து, எதைப் பார்த்து வாங்குவது. பெரும்பாலானவர்கள் எஞ்சின் சத்தத்தையும், வண்டி ஓடிய மணிநேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரையும் பார்க்கிறார்கள். கிரேடரில் அந்த இரண்டும் இரண்டாம்பட்சம் என்பது என் உறுதியான கருத்து. காரணம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. எஞ்சின் பின்னால், பிளேடு நடுவில், நீண்ட சட்டத்தின் முனையில் முன் சக்கரங்கள். 1928-ல் ரஸ்ஸல் கம்பெனியை வாங்கிய கேட்டர்பில்லர், 1931-ல் ஆட்டோ பேட்ரோல் என்று ஒரு வண்டியைக் கொண்டுவந்தது. அன்று அமைந்த அந்த உருவம்தான் இன்றும் ஓடுகிறது. முன் ஆக்ஸில் 10 செ.மீ. மேட்டில் ஏறினால் நடுவில் இருக்கும் பிளேடு ஏறக்குறைய பாதிதான் எழும். ஒரு பக்க டயர் மட்டும் ஏறினால் ஆக்ஸில் நடுப் பின்னில் சாய்ந்து கொடுக்கும், அதனால் பிளேடு எழுவது அதிலும் பாதி. பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு டயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பெட்டியில் இருக்கும், அதுதான் டேண்டம். அதன் ஒரு டயர் 10 செ.மீ. ஏறினால் அந்தப் பக்கத்து டேண்டத்தின் நடுப்புள்ளி 5 செ.மீ.தான் ஏறும். தரையின் மேடுபள்ளத்தை வண்டியே பாதி பாதியாகக் குறைத்து பிளேடுக்கு அனுப்புகிறது. கரடுமுரடான மண்ணின் மேல் ஓடிக்கொண்டே மட்டமான தரையை விட்டுச் செல்ல அதனால்தான் முடிகிறது.

ஆனால் பிளேடு சட்டத்தோடு நேரடியாகப் பற்றவைக்கப்பட்டதல்ல. டிராபார் என்ற இழுசட்டம், அதன் அடியில் சர்க்கிள் என்ற பல்வைத்த சுழலும் வளையம், சர்க்கிளில் பிளேடு, இவற்றைத் தூக்கிப் பிடிக்கும் சிலிண்டர்கள். ஒவ்வொரு இணைப்பிலும் பந்து, அது உட்காரும் சாக்கெட், பின், புஷ், தேய்வதற்கென்றே வைக்கும் வேர் ஸ்ட்ரிப். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம், அதாவது தளர்வு, கூடினாலும் பிளேடு நுனியில் அது பல மடங்காகத் தெரியும். இப்போது கணக்கைப் பாருங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு சப்கிரேடு (சாலைக்கு அடியில் இறுக்கிய மண்) மட்டத்துக்குக் கூடுதலாக 20, குறைவாக 25 மி.மீ. வரை விடுகிறது. அதன் மேல் வரும் ஜிஎஸ்பி என்ற ஜல்லி-கிராவல் அடுக்குக்குக் கூடுதல் 10, குறைவு 20 மி.மீ. அதற்கும் மேலே மெஷினில் போடும் வெட்மிக்ஸுக்கு (ஈரமாகக் கலந்த ஜல்லி) மேலும் கீழும் 10 மி.மீ. மட்டுமே. நுனியில் 15 மி.மீ. தானாக ஆடும் பிளேடை வைத்துக்கொண்டு அந்த 10 மி.மீ.க்குள் எந்த ஆபரேட்டராலும் நிற்க முடியாது. புல்டோசரிலும் லோடரிலும் தேய்மானம் என்றால் வேலை மெதுவாகும். கிரேடரில் தேய்மானம் என்றால் வேலையே நிராகரிக்கப்படும்.

பார்த்த வண்டிகளில் ஒன்று ஏல யார்டில் பேட்டரி இல்லாமல் கிடந்தது, ஸ்டார்ட் செய்து பார்க்க வழியில்லை. இன்னொன்று ஸ்டியரிங் வீலே இல்லாமல் இரண்டு ஜாய்ஸ்டிக்கில் ஓடும் வகை. கேட்டர்பில்லர் 2007-ல் எம் வரிசையில் கொண்டுவந்த முறை அது. வண்டி அருமையானது. ஆனால் எங்கள் பக்கத்து ஆபரேட்டர்கள் லீவரில் கை பழகியவர்கள். சென்சார் கோளாறு வந்தால் லேப்டாப்போடு ஆள் வர வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டோம்.

மூன்றாவது, கர்நாடகப் பதிவில் ஓசூர் பக்கம் நின்ற ஒரு கேட்டர்பில்லர் 120எச். 1995-ல் வந்த எச் வரிசை. 12 அடி பிளேடு, லீவர் கன்ட்ரோல், முன்னுக்கு 8 கியர், பின்னுக்கு 6. எஞ்சின் 3116, முழுக்க மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் கிடையாது. காலையில் நாங்கள் வருவதற்கு முன் யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முந்தின நாளே சொல்லி வைத்திருந்தோம். சூடேற்றி நிறுத்திய எஞ்சினில் காலைப் புகையும் தெரியாது, ஸ்டார்ட்டிங் கஷ்டமும் தெரியாது. போனதும் பிளாக்கைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்துதான் இருந்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை, ஒரு நிமிடத்தில் தெளிந்தது. எஞ்சினுக்கு அவ்வளவு போதும் என்று நகர்ந்தேன்.

எங்களோடு வந்த ஆபரேட்டர் அறுபது வயதுக்காரர். நான்குவழிச் சாலை வேலைகளில் பல வருடம் கிரேடர் ஓட்டியவர். அவர் கேபினில் ஏறவே இல்லை, நேராகப் போய் பிளேடின் அடியைக் குனிந்து பார்த்தார். கட்டிங் எட்ஜ் என்பது போல்ட்டில் மாட்டும் தனித் தகடு. தேய்ந்தால் திருப்பிப் போடலாம், அதுவும் தேய்ந்தால் மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் பிளேடின் உடம்பே தேயும். இந்த வண்டியில் வலது ஓரத்தில் உடம்பு தேய்ந்து, அங்கே ஒரு பட்டை வைத்து வெல்டு அடித்திருந்தார்கள். "எட்ஜ் வாங்கக் காசு பார்த்தவன் கிரீஸ் மட்டும் ஒழுங்கா அடிச்சிருப்பானா தம்பி?" என்றார். அதைவிடச் சுருக்கமாக ஒரு வண்டியின் சரித்திரத்தைச் சொல்ல முடியாது. ஹவர் மீட்டர் காட்டிய எண்ணை அதன் பிறகு நாங்கள் யாரும் பேசவில்லை.

ஆட்டம் பார்த்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிளேடை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, பாதுகாப்புக்கு அடியில் மரக்கட்டைகளைக் கொடுத்தோம். ஹெல்ப்பர் ஒரு நுனியில் கடப்பாரையைக் கொடுத்து மேலும் கீழும் நெம்பினார். நுனி ஒரு கட்டைவிரல் தடிமனுக்கு ஏறி இறங்கியது. மொத்த ஆட்டம் தெரிந்துவிட்டது. அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பணம் இருக்கிறது. அவர் நெம்பிக்கொண்டிருக்க, நான் ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்துப் பார்த்தேன். தூக்கும் சிலிண்டர்களின் பந்து மூட்டில் இடது பக்கம் ஒவ்வொரு நெம்புக்கும் கிரீஸ் பிதுங்கி உள்ளே போனது. சர்க்கிளைத் தாங்கும் ஷூக்களில் பளிச்சென்று இரும்பு தெரிந்தது. அதாவது வேர் ஸ்ட்ரிப் காலி. டிராபாரின் முன்பந்து மட்டும் இறுக்கமாக இருந்தது. அதைப் பார்த்துதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பந்து மூட்டுகளில் மூடிக்கும் உடம்புக்கும் நடுவே ஷிம் தகடுகள் இருக்கும். பந்து தேயத் தேய ஒவ்வொன்றாக உருவி எடுத்து இறுக்கிக்கொண்டே வரலாம். எல்லா ஷிம்மும் போய்விட்ட பிறகும் ஆடினால் பந்தையே மாற்ற வேண்டும். எனவே ஆட்டத்தோடு, இன்னும் எத்தனை ஷிம் மிச்சம் என்றும் பார்ப்பது அவசியம். இடது சிலிண்டரில் ஒன்றுகூட இல்லை. வலதில் இருந்தது.

சர்க்கிளைச் சுற்றவிட்டுப் பார்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. வேலையில் பிளேடு எப்போதும் ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குள்ளேயே நிற்பதால், சர்க்கிளின் பற்களில் அந்தப் பகுதி மட்டும் தேயும். மற்றப் பகுதி புதிதாகவே இருக்கும். சிலர் விற்பதற்கு முன் சர்க்கிளைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனைத் தேய்ந்த பக்கத்துக்கு ஏற்ப நெருக்கி வைத்துவிடுவார்கள், ஆட்டமே தெரியாது. முழு வட்டமும் சுற்றவிட்டால் தேயாத பற்கள் வரும்போது இறுகி முனகும். இந்த வண்டி முழுச்சுற்றும் ஒரே சத்தத்தில் சுற்றியது.

பிளேடை ஊன்றி முன் டயர்களைத் தரையிலிருந்து தூக்கி எஞ்சினை நிறுத்தினோம். கொஞ்ச நேரத்தில் வண்டி இடப்பக்கம் மெதுவாகச் சாய்ந்தது. சிலிண்டர் சீலோ லாக் வால்வோ கசிகிறது என்று பொருள். அது என் பட்டறை வேலை, பெரிய செலவில்லை. பயப்பட வேண்டியது டேண்டம்தான். இரண்டு பக்கப் பெட்டிகளுக்குள்ளும் செயின்கள் ஆயிலில் மூழ்கி ஓடுகின்றன. இரண்டின் டிரெய்ன் பிளக்கையும் கொஞ்சம் தளர்த்தி ஆயில் எடுத்துப் பார்த்தேன். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, மின்னும் துகள் இருந்தால் உள்ளே ஏதோ அரைபடுகிறது. ஆயில் கறுத்துக் கிடந்ததே தவிர இரண்டும் இல்லை. நடுவே மடங்கும் ஆர்டிகுலேஷன் பின்களிலும் ஆட்டம் இல்லை. கியர்பாக்ஸை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிச் சூடேற்றிவிட்டுத்தான் சோதித்தோம். கிளட்ச் வழுக்கல் குளிர்ந்த ஆயிலில் மறைந்துகொள்ளும்.

ஆக, கெட்டிருந்தவை பந்துகள், வேர் ஸ்ட்ரிப், சீல், பிளேடு ஓரம். நன்றாக இருந்தவை டேண்டம், கியர்பாக்ஸ், ஆர்டிகுலேஷன், சர்க்கிள் பல். கெட்டவை எல்லாம் மாற்றவென்றே செய்யப்பட்ட பாகங்கள். இது நேர்மாறாக இருந்து, புது வேர் ஸ்ட்ரிப் போட்டு பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்றிருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன்.

விலை பேசும்போது குறைகளைப் பொதுவாகச் சொல்லாமல் ஒவ்வொரு பாகத்துக்கும் விலை விசாரித்து எழுதிக் காட்டினோம். கேட்ட விலையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ரிப்பேருக்கே போகும் என்று கணக்கு நின்றது. விற்றவர் அதில் பெரும்பகுதியைக் குறைத்தார். டயர்களுக்குக் குறைக்கச் சம்மதிக்கவில்லை. அந்த டயர் விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

காகிதம் வண்டியைவிட அதிக நாள் எடுத்தது. மோட்டார் கிரேடர், மோட்டார் வாகன விதிகளின்படி கட்டுமான உபகரண வாகனம். டயரில் ஓடுகிற, 50 கி.மீ. வேகத்தைத் தாண்டாத வகை. ஆர்சி (பதிவுச் சான்று) உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, பெயர் மாற்றமும் வேண்டும். "சைட்டுக்குள்ள ஓடுற வண்டிக்கு எதுக்குங்க பேப்பர்" என்று புரோக்கர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். சைட்டுக்கு வெளியே சாலையைக் கடக்கும்போது ஒரு பைக் வந்து மோதினால் அந்தப் பேச்சு உதவாது. வேறு மாநில வண்டி என்பதால் படிவம் 28-ல் தடையின்மைச் சான்று, கைமாற்றத்துக்கு 29, 30. ஆர்சியில் முன்பு கடன் கொடுத்த பைனான்ஸின் பெயர் அப்படியே இருந்தது. கடன் எப்போதோ முடிந்துவிட்டது என்றார் விற்றவர். முடிந்திருக்கலாம். ஆனால் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் பைனான்ஸின் கடிதமும் கைக்கு வரும்வரை அண்ணன் கடைசித் தவணையைக் கொடுக்கவில்லை. அதில் அவர் பிடிவாதமாக நின்றது மிகச் சரி. சேசிஸ் நம்பரைத் தகட்டில் மட்டும் பார்க்காமல், சட்டத்தில் அடித்திருந்த எண்ணையும் பெயின்டைச் சுரண்டி ஒப்பிட்டோம்.

வண்டி, தளம் தாழ்ந்த லோபெட் டிரெய்லரில் வந்தது. அந்தத் தூரத்தை ஓட்டியே கொண்டுவருவதைப் பலர் சிக்கனம் என்று நினைக்கிறார்கள். டேண்டம் செயினையும் டயரையும் தார்ச்சாலையில் மணிக்கணக்கில் சூடாக்குவதில் என்ன சிக்கனம் என்று எனக்குப் புரியவில்லை.

ரிப்பேர் திட்டப்படி முடிந்தது. இடது சிலிண்டர் பந்து புதிது, இரண்டு சிலிண்டருக்கும் சீல் கிட், சர்க்கிள் ஷூக்களுக்கு வேர் ஸ்ட்ரிப், பிளேடு சறுக்கும் தண்டவாளத்துக்கும் அப்படியே. வெல்டு பட்டையை வெட்டியெடுத்துவிட்டு ஓரத்தைச் சரியாகக் கட்டி, புது கட்டிங் எட்ஜ் மாட்டினோம். மறுபடி கடப்பாரை வைத்து நெம்பியபோது நுனி ஆட்டம் கண்ணுக்கு அரிதாகத்தான் தெரிந்தது.

முதல் வேலை ஒரு சர்வீஸ் சாலையின் ஜிஎஸ்பி. முதல் ஓட்டம் முடிந்து பின்னால் நடந்து பார்த்தால், தரை அலை அலையாக, தகரக் கூரை மாதிரி. அண்ணன் முகம் வாடிவிட்டது. ஆபரேட்டர் கியரைக் குறைத்தார், பிளேடு கோணத்தை மாற்றினார். கொஞ்சம் குறைந்ததே தவிர போகவில்லை. பிளேடு இணைப்புகள் எல்லாம் இறுக்கமாக இருக்கும்போது அலை வருகிறது என்றால் வண்டியே குதிக்கிறது என்று அர்த்தம். டயர்களைப் பார்த்தோம். ஒரே டேண்டத்தில் முன்னது தேய்ந்த பழைய டயர், பின்னது வேறு கம்பெனியின் ஏறக்குறைய புது டயர். சுற்றளவை டேப் பிடித்து அளந்ததில் வித்தியாசம் தெளிவாக இருந்தது. ஒரே பக்கத்து இரண்டு சக்கரங்களையும் செயின் ஒரே வேகத்தில் சுற்றுகிறது. அளவு வேறு என்றால் ஒன்று மற்றதை இழுக்கும், வழுக்கும், பிடிக்கும். அந்த இழுபறி வண்டியைக் குதிக்க வைக்கிறது, செயினையும் தின்கிறது. காற்றும் ஒவ்வொரு டயரில் ஒவ்வொரு அளவு. டயர்களை மாற்றி அடுக்கி, ஒத்த அளவானவற்றை ஒரே டேண்டத்தில் போட்டு, காற்றைச் சமப்படுத்திய பிறகு அலை நின்றது. லெவல் எடுத்துப் பார்த்ததில் மட்டம் அளவுக்குள் நின்றது. பிறகு ஒரு ஜோடி டயர் புதிதாக வாங்க வேண்டி வந்தது. விலை பேசும்போது விட்டுக்கொடுக்காமல் நின்ற இடம் விற்றவருக்கு நன்றாகத் தெரிந்த இடம்தான்.

வைத்திருக்கும் செலவில் டீசல் எல்லோரும் எதிர்பார்ப்பதுதான், வேலையைப் பொறுத்து மணிக்கு 10-லிருந்து 15 லிட்டர். பலர் எதிர்பார்க்காதது ஆபரேட்டர். ஜேசிபிக்கு ஊருக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். பிளேடின் இரண்டு நுனி, கோணம், சாய்வு, முன் சக்கரச் சாய்மானம், ஸ்டியரிங் என எல்லாவற்றையும் ஓடிக்கொண்டே கையாண்டு கேம்பர் (சாலையின் நடுவிலிருந்து ஓரத்துக்கான சாய்வு) பிடிப்பவர்கள் மிகக் குறைவு. வேலை இருக்கும் நாளில் சம்பளமும் பேட்டாவும், இல்லாத நாளில் ஒன்றுமில்லை என்றால் அவர்கள் வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள். எங்களோடு வண்டி பார்க்க வந்த அந்தப் பெரியவருக்கு மழை மாதங்களிலும் மாதச் சம்பளம் கொடுப்பது என்று அண்ணன் முடிவு செய்தார். இந்த வண்டி விஷயத்தில் அவர் எடுத்த முடிவுகளில் நான் அதிகம் மதிப்பது அதைத்தான். மழைக்காலத்தில் பெரியவர் சும்மா இருப்பதில்லை. பிளேடைப் பலகை மேல் இறக்கி வைக்கிறார், சிலிண்டர் ராடுகளில் வெளியே தெரியும் பகுதிக்குக் கிரீஸ் பூசுகிறார், வாரம் ஒருமுறை எஞ்சினை ஓட்டி எல்லா லீவரையும் அசைத்துவிடுகிறார். ஒரு இளைஞனைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்கவும் செய்கிறார்.

வெளி வாடகைக்கு அனுப்பும்போது அவர் கூடப் போனால்தான் வண்டி போகும். வேறு ஆள் ஓட்டுவதற்குக் கேட்டால் எவ்வளவு வாடகை தந்தாலும் கிடையாது. சர்க்கிளைச் சுற்றும் மோட்டாரின் வார்ம் கியரை ஒரே நாளில் உடைக்க, புதைந்த பாறையில் முழு வேகத்தில் மோதினால் போதும்.

கணக்கு என்று பார்த்தால், வெளி வாடகையில் வந்த வருமானம் ரிப்பேரையும் மழைக்காலச் சம்பளத்தையும் ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். லாபம் வந்தது வேறு இடத்தில். கிராவல் இறங்கிய அன்றே பரப்பி, ஈரம் காய்வதற்குள் ரோலர் ஓடிவிடுகிறது. டிப்பரும் தண்ணி லாரியும் காத்திருக்கும் நாட்கள் இல்லை. வாடகைக் கணக்கு நோட்டில் தேடினால் இந்தப் பணம் கிடைக்காது, வேலை முடியும் தேதியில்தான் இருக்கிறது.

இப்போது வலது சிலிண்டர் பந்தில் கடைசி ஷிம்மையும் எடுத்தாகிவிட்டது. புதுப் பந்து வாங்கி வைத்திருக்கிறோம், வருகிற மழைக்கு வண்டி நிற்கும்போது மாற்றுவதாகத் திட்டம். அப்போதே டேண்டம் மூடிகளைத் திறந்து நான்கு செயின்களின் நீட்சியையும் அளக்கப் போகிறோம். அந்த அளவைப் பார்த்துவிட்டுத்தான் இந்த வண்டியை இன்னும் எத்தனை சீசன் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணனிடம் சொல்ல முடியும்.